ஒரு வகுப்புப் படமும் மூன்று பிரதிகளும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



மருத்துவர் ஒருவரை மேடையில் ஏற்றினால் நீரிழிவைப் பற்றியோ குருதியழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். அவை பற்றிப் பேசவும் நிறைய இருக்கிறது. இடைவேளையில் நீங்கள் சாப்பிட்ட பலகாரத்தை நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் இன்று பேச வந்தது அதுவல்ல. மண்டபத்தின் இடது பக்கச் சுவரில் மாட்டியிருக்கும் இரண்டு படங்களைப் பற்றி. ஒரே நாள், ஒரே படிக்கட்டு, ஒரே வகுப்பு. ஏன் இரண்டு மாட்டினீர்கள் என்று காலையிலிருந்து பலர் கேட்டுவிட்டார்கள்.

1995ஆம் ஆண்டு முதலாம் தவணையில் எங்கள் உயர்தர விஞ்ஞானப் பிரிவு எடுத்த வகுப்புப் படம் அது. கறுப்பு வெள்ளை. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். அந்த ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நடந்து தென்மராட்சிக்குப் போனது இங்குள்ள பலருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அன்று எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்த்தபோது வகுப்புப் படத்தைத் தூக்கியவர்கள் மிகக் குறைவு. நூற்றாண்டுக் கண்காட்சிக்காகத் தேடியபோது மூன்று பிரதிகள்தான் அகப்பட்டன. ஒன்று கோப்பாயில், கொடிகாமம் வரை போய்த் திரும்பி வந்த தகரப் பெட்டிக்குள் இருந்தது. குறுக்கே கறுத்த மடிப்பும் மைக் கறையும். இரண்டாவது டொரன்டோவில், கண்ணாடிச் சட்டத்துக்குள். பூஞ்சணம் தின்று வெள்ளை வெள்ளைப் புள்ளிகள். மூன்றாவது வெள்ளவத்தையில், கூரை ஒழுக்கு விழுந்து வலது ஓரம் முழுவதும் தேயிலைச் சாயம் ஊற்றியதுபோல.

ஊரிலுள்ள கடையொன்றில் கொடுத்தோம். திரும்பி வந்தபோது எல்லோருக்கும் ஒரே மாதிரி வழுவழுப்பான கன்னங்கள். எங்கள் கணித ரீச்சருக்கு இருபது வயது குறைந்திருந்தது. அவர் சந்தோஷப்பட்டார். நாங்கள் படவில்லை. அப்போதுதான் நாங்களே செய்து பார்ப்பதென்று முடிவெடுத்தோம். நாங்கள் என்றால், அந்த வகுப்பின் மூன்று பேர்: ஒருவர் மருத்துவர், ஒருவர் மெல்பேர்னில் மென்பொருள் பொறியியலாளர், ஒருவர் இங்கேயே ஆசிரியை. எங்களோடு இப்போது உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் இரண்டு மாணவிகள். உண்மையில் வேலை செய்தது அவர்கள் இருவரும்தான்.

படம் திருத்தும் மென்பொருள்களில் லேயர் என்று ஒன்று இருக்கிறது. படலம் என்று சொல்லலாம். கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது போல. ஃபோட்டோஷொப்பில் இது 1994இல் வந்தது. நாங்கள் பாவித்தது கிம்ப். கலிபோர்னியாவில் பேர்க்லி பல்கலைக்கழகத்து மாணவர்கள் இருவர் 1995இல் தொடங்கியது, இலவசமாகக் கிடைப்பது. நாங்கள் படிக்கட்டில் நின்று படமெடுத்த அதே ஆண்டு.

மேலிருக்கும் படலம் கீழிருக்கும் படலத்தோடு எப்படிக் கலக்கவேண்டும் என்று சொல்வதுதான் கலப்பு முறை. மெனுவைத் திறந்தால் இருபது, முப்பது பெயர்கள் வரும். பார்க்கப் பெரிய வித்தைபோல இருக்கும். உள்ளே இருப்பது மூன்றாம் வகுப்புக் கணக்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்: கறுப்பு 0, வெள்ளை 255. மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் எடுத்து ஒரு புது எண்ணைத் தருவது, அவ்வளவுதான் கலப்பு முறை. அதை நீங்களே எழுதலாம்.

எங்கள் தொழிலில் இதைக் கணனி இல்லாமலே பார்த்திருக்கிறோம். மருத்துவபீடத்தில் படித்த காலத்தில் எக்ஸ்ரே படங்களை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்ப்போம். தற்செயலாக இரண்டு படங்கள் ஒன்றின்மேல் ஒன்று மாட்டுப்பட்டால் கருமை கூடிவிடும். ஒன்று பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தை விடுகிறது, மற்றதும் பத்தில் ஒரு பங்கை விடுகிறது என்றால் இரண்டும் சேர்ந்து நூறில் ஒரு பங்கைத்தான் விடும். பெருக்கல். கணனியில் இதற்குப் பெயர் மல்டிப்ளை. கீழே 200, மேலே 100 என்றால் இரண்டையும் பெருக்கி 255ஆல் பிரிக்க 78 வரும். மேல் படலத்தின் அடர்த்தியைப் பாதியாக்கினால் 200க்கும் 78க்கும் நடுவே, 139.

பழகுவதற்காக முதலில் இந்த மல்டிப்ளையைத்தான் மாணவிகள் பைதன் மொழியில் எழுதினார்கள். சரியாகவே தெரிந்தது. ஆனால் வெறும் வெள்ளைத் தாளைப் பத்துத் தடவை அடுக்கிப் பார்த்தால் வெள்ளை அழுக்காகியது. வெள்ளையை வெள்ளையால் பெருக்கினால் வெள்ளைதானே வரவேண்டும்? வேகத்துக்காக 255க்குப் பதிலாக 256ஆல் பிரித்திருந்தார்கள். 255 தர 255, அதை 256ஆல் பிரித்து மிச்சத்தைத் தள்ளினால் 254. ஒவ்வொரு படலத்துக்கும் ஒரு படி இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. ஒரு படலத்தோடு யாருடைய கண்ணுக்கும் பிடிபடாது. மருந்தின் அளவில் நடக்கும் தவறுகளும் இப்படித்தான் இருக்கும் என்று எங்களில் ஒருவர் அன்று ஒரு பிரசங்கம் செய்தார். பிள்ளைகள் பொறுமையாகக் கேட்டார்கள்.

இனி எங்கள் மூன்று பிரதிகள். 6 அங்குலத்துக்கு 8 அங்குலப் படம், ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம் ஸ்கான் செய்தால் 1 கோடியே 72 இலட்சத்து 80 ஆயிரம் புள்ளிகள். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று நினைக்காமல் வர்ணத்தில் ஸ்கான் செய்யுங்கள். இதை வீட்டில் பழைய படம் வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்கிறோம். மஞ்சளும் மண்ணிறமுமான கறை நீல ஒளியைத்தான் அதிகம் விழுங்கும். சிவப்புப் பகுதியை மட்டும் எடுத்துப் பார்த்தால் கறை பாதி மறைந்துவிடும். வெள்ளவத்தைப் படத்துக்கு இதுதான் உயிர் கொடுத்தது.

மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்று அச்சொட்டாகப் பொருத்தினோம். கறை கறுப்பாக இருப்பதால், இரண்டு படலங்களில் எது வெளிச்சமோ அதை எடுக்கும் முறையைப் போட்டால் கறை போகும். ஆனால் பூஞ்சணத்தின் வெள்ளைப் புள்ளி நிற்கும். எது கருமையோ அதை எடுத்தால் புள்ளி போகும், கறை நிற்கும். மூன்று பிரதியிலும் ஒரே இடத்தில் பழுது இல்லை என்பதால் நடு எண்ணை எடுத்தால் போதும் என்று மெல்பேர்ன்காரி சொன்னார். ஓரிடத்தில் கோப்பாய்ப் படம் 40, டொரன்டோப் படம் 180, வெள்ளவத்தைப் படம் 175. கறை விழுந்தது எது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நடுவில் நிற்பது 175, அதை எடு.

ஆனால் கிம்பின் படலக் கலப்பு முறைகளில் இப்படி ஒன்று இல்லை, இருக்கவும் முடியாது. கலப்பு முறை எப்போதும் இரண்டு பேரோடுதான் பேசும், மேலே ஒருவர், கீழே ஒருவர். நடு எண்ணுக்கு மூன்று பேர் வேண்டும். கிம்பின் மூல நிரலுக்குள் போய்ப் புது முறையொன்றைச் சேர்ப்பதானாலும், அப்படிச் சேமித்த கோப்பை வேறொருவரின் கிம்ப் விளங்கிக்கொள்ளாது. அதனால் மாணவிகள் அதைத் தனியாக எழுதினார்கள். முதல் இரண்டில் சிறியதை ஒரு பக்கம் வை. முதல் இரண்டில் பெரியதை எடுத்து மூன்றாவதோடு ஒப்பிட்டு, சிறியதை வை. வைத்த இரண்டில் பெரியது எதுவோ அதுதான் நடு எண். 40, 180, 175ஐப் போட்டுப் பாருங்கள்: முதலில் 40, பிறகு 180, 175இல் சிறியது 175, 40, 175இல் பெரியது 175. சரி. பெரியது, சிறியது என்ற இரண்டே செயல்கள். இதில் இன்னொரு வசதி. கணனியில் 128 என்பது பாதி வெளிச்சம் இல்லை, ஏறக்குறைய 22 வீத வெளிச்சம்தான். அதனால் சராசரி எடுக்கும்போது எந்த அளவுகோலில் எடுக்கிறோம் என்பதைப் பார்க்கவேண்டும். நடு எண்ணுக்கு அந்தத் தலையிடி இல்லை. எந்த அளவுகோலில் அளந்தாலும் நடுவில் நிற்பவர் நடுவில்தான் நிற்பார்.

முதல் தடவை ஒவ்வொரு புள்ளியாகச் சுற்றும்படி எழுதியதில், தேநீர் ஊற்றிக் குடித்து முடிக்கும்வரை ஓடியது. பிறகு முழுப் படத்தையும் ஒரே அட்டவணையாக எடுத்துச் செய்தபோது கண் மூடித் திறக்க முன் வந்துவிட்டது. வந்த படம் எப்படியிருந்தது தெரியுமா! மடிப்பில்லை, புள்ளியில்லை, கறையில்லை. நெற்றிச் சுருக்கம், சட்டை மடிப்பு எல்லாம் அப்படியே. யாருடைய கன்னமும் வழுவழுக்கவில்லை. அன்றிரவே வகுப்புக் குழுவுக்கு அனுப்பினோம். ஐந்து நாடுகளிலிருந்து அழுகையும் சிரிப்புமாகச் செய்திகள். பெரிய அளவில் அச்சடிக்கவும் கொடுத்தாயிற்று.

இரண்டு நாள் கழித்து மாணவிகளில் ஒருத்தி வந்தாள். "அன்ரி, ரீச்சரின்ட கண்ணாடிக்கு ரெண்டு விளிம்பு தெரியுது." பெரிதாக்கிப் பார்த்தோம். உண்மைதான். கோப்பாய்ப் படத்தின் மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் கண்ணாடியின் விளிம்பு இரட்டையாக இருந்தது. பொருத்தியதில் ஏதோ நழுவியிருக்கிறது என்று நினைத்தோம்.

நழுவலைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது, டிபரன்ஸ். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, கழித்தல் குறியைத் தள்ளிவிடுவது. இரண்டும் ஒன்றாக இருந்தால் முழுக் கறுப்பு. பிள்ளைகள் எழுதியதை ஓடவிட்டதும் திரை முழுவதும் வெள்ளி பூத்தது. இது எண்ணை வைக்கும் பெட்டியின் குறை: 10இலிருந்து 12ஐக் கழித்தால் வரும் கழித்தல் இரண்டை அந்தப் பெட்டியால் வைத்திருக்க முடியாது, சுற்றிப் போய் 254 ஆகிவிடும். பெரிய பெட்டிக்கு மாற்றியதும் வெள்ளிகள் மறைந்தன. கோப்பாயும் டொரன்டோவும் ஒன்றிலொன்று கழிந்து கறுப்பாகின, கறைகள் மட்டும் மின்னின. அடுத்து டொரன்டோவையும் வெள்ளவத்தையையும், வெளிச்ச அளவைச் சமப்படுத்திக் கழித்தோம். கட்டடம் கறுத்தது. தூண்கள் கறுத்தன. படிக்கட்டுக் கறுத்தது. ஆனால் எங்கள் ஒவ்வொருவரின் தலையைச் சுற்றியும் மெல்லிய வெளிச்சக் கோடு.

இதைக் கண்டதும் எங்களுக்கு விளங்கிவிட்டது, ஏனென்றால் இது எங்கள் துறைக்குப் பழக்கமான படம். குருதிக் கலங்களைப் படமெடுக்கும்போது, மருந்து ஏற்றுமுன் ஒரு படம், ஏற்றிய பின் ஒரு படம் எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பார்கள். எலும்பு இரண்டிலும் இருப்பதால் கழிந்துபோகும். மருந்து ஓடும் நாளம் மட்டும் தனியே தெரியும். நெதர்லாந்தின் ஸீட்செஸ் டெஸ் பிளான்டெஸ் என்ற வைத்தியர் 1930களிலேயே இதைக் கணனி எதுவுமின்றி, ஒரு படத்தின் நேர்ப்பிரதியை மற்றதன்மேல் வைத்துச் செய்து காட்டினார். நோயாளி இடையில் அசைந்துவிட்டால் எலும்பின் ஓரங்களில் இதே வெளிச்சக் கோடு வரும். கட்டடம் அசையவில்லை. அசைந்தவர்கள் நாங்கள். அதாவது வெள்ளவத்தைப் படம் வேறொரு படம். பிலிம் கிடைப்பது அருமையான அந்த நாளில் படமெடுப்பவர் இரண்டு தடவை எடுத்திருப்பார் என்று எங்களில் ஒருவரும் நினைத்திருக்கவில்லை.

வலது ஓரத்தில், தேயிலைச் சாயம் பட்ட இடத்தில், கோடு மட்டுமல்ல, ஓர் ஆளே நின்றாள். சுவர் கழிந்துபோனதால் அவள் தனியே தெரிந்தாள். இரட்டைப் பின்னல், ஒரு கை முதுகுக்குப் பின்னால்.

பெயர் சொல்லமாட்டோம், அவளுடைய வீட்டார் விரும்பவில்லை. எங்கள் வகுப்பில் இரசாயனவியலில் எப்போதும் முதலாவது. இடப்பெயர்வுக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்குப் போனாள். 2009க்குப் பிறகு அவளைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. அவளுடைய தாயாரிடம் அவளின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நாங்கள் எழுதிய கணக்கு மூன்று பேரில் இரண்டு பேர் சொல்வதைக் கேட்கிற கணக்கு. அவள் மூன்றில் ஒன்றில்தான் நின்றாள். சுவர், சுவர், அவள் என்று இருந்த இடத்தில் அது சுவரை எடுத்துக்கொண்டது. கறையை எடுத்த அதே வேலையைத்தான் செய்தது, பிழையில்லாமல். இரண்டு நாளாக நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்டிருக்கிறோம், வலது ஓரத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறதே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அச்சகத்துக்கு ஓடிப்போய் நிறுத்தினோம்.

அதன்பின் எங்களுக்குள் சண்டை. அவளை மட்டும் வெட்டி எடுத்துத் துப்புரவான முதல் படத்தில் வைத்துவிடலாம், பத்து நிமிட வேலை, யாருக்கும் தெரியாது என்று ஒரு கட்சி. கண்காட்சிக்கு அழகான ஒரு படம் கிடைக்கும், எல்லோரும் அதில் இருப்போம். மற்றக் கட்சி, அப்படியொரு கணம் நடக்கவே இல்லையே என்றது. முதல் படம் எடுத்தபோது அவள் அங்கே இல்லை. இரண்டாவது எடுத்தபோது ஓடிவந்து ஓரத்தில் நின்றாள். அவளுக்காகத்தான் இரண்டாவது எடுத்தார்களோ என்னவோ. வைத்தியசாலையில் ஒரு படத்தை எப்படிப் பெரிதாக்கினாலும், வெளிச்சமாக்கினாலும், இல்லாத ஒன்றை அதில் வைப்பதில்லை. மூலப்படமும் அப்படியே இருக்கும். மூன்று கிழமை இழுபட்டது. கடைசியில் இரண்டையும் இரண்டாகவே வைப்பதென்று முடிவாயிற்று. வெள்ளவத்தைப் படத்துக்குச் சுவரையும் தூண்களையும் மற்ற இரண்டிலிருந்தும் எடுத்தோம், ஏனென்றால் அவை அசையவில்லை. ஆட்களை அந்தப் படத்திலிருந்து மட்டும் எடுத்தோம். அதனால்தான் அதில் எங்களில் மூன்று பேருக்குக் கண் மூடியிருக்கிறது, ஒருவருக்குத் தோளில் கறை. அப்படியே விட்டிருக்கிறோம்.

ஓரிடத்தில் மட்டும் கை வைத்தோம். அவளுடைய ஒரு கால் பக்கத்தில் நின்றவளின் பாவாடைக்குப் பின்னால். தெரிகிற காலில் கருமையாக ஒரு திட்டு. மற்ற எல்லோருக்கும் வெள்ளைச் சப்பாத்து. இது கறைதான் என்று, பக்கத்திலிருந்த சப்பாத்தைப் பிரதி எடுத்துத் தனிப் படலமாக மேலே வைத்தோம். இல்லாததை வைப்பதில்லை என்று மூன்று கிழமை வாதாடியவர்கள்தான் வைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயாரிடம் கொண்டுபோனோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முகத்தைத் தொடவில்லை. காலைத் தொட்டார்.

"இந்தச் சப்பாத்து பிழை, பிள்ளையள். அண்டைக்கு அவளிட்டை வெள்ளைச் சப்பாத்து இல்லை. அடி கழண்டு போச்சு. என்ர கறுத்தச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வந்தவள். வாசல்ல மறிச்சுப் போட்டினமாம். அதுதான் பிந்தினது. அழுது வீங்கின முகத்தோடை படம் எடுத்ததெண்டு வீட்டை வந்து சொன்னவள்."

அந்தத் தவணையில் வாசலில் நின்று சப்பாத்துப் பார்த்த மாணவத் தலைவிகளில் எங்கள் மூவரில் ஒருவரும் இருந்தார். அன்று நின்றவர் அவர்தானா என்பது அவருக்கே நினைவில்லை. நாங்கள் அந்த அம்மாவிடம் அதைச் சொன்னோம். அவர் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்தார்.

படலம் என்பதன் ஒரு வசதி, வைத்ததை எடுத்துவிடலாம். பெயருக்குப் பக்கத்தில் ஒரு கண் அடையாளம் இருக்கும்; அதை அழுத்தினால் அந்தப் படலம் மறையும். அன்றிரவே அழுத்தினோம். கீழே கறுத்தச் செருப்பு இருந்தது, வாரோடு, தெளிவாக.

பிள்ளைகள் எழுதிய நிரல் கல்லூரியின் கணனி ஆய்வுகூடத்தில் இருக்கிறது. உங்களிடம் ஒரே படத்தின் இரண்டு, மூன்று பிரதிகள் இருந்தால் கொண்டுவாருங்கள்; நடு எண் எடுக்குமுன் ஒவ்வொரு சோடியையும் கழித்துப் பார்க்கும்படி இப்போது அதை மாற்றியிருக்கிறார்கள். அந்த இரண்டு மாணவிகளும் பின்வரிசையில் இருக்கிறார்கள், வெட்கத்தில் எழும்பமாட்டார்கள்.

தேநீருக்குப் போகும்போது இடது பக்கச் சுவரில் இரண்டாவது படத்தைப் பாருங்கள். வலது ஓரம், கடைசி வரிசை.